பால் மெஷினா, மார்க்கரா, சுவரா: தனியாகப் பயிற்சி எடுக்கும் டென்னிஸ்காரருக்கு ஒரு கணக்கு

எங்கள் குடியிருப்பில் நான்கு பேர் சேர்ந்து ஒரு டென்னிஸ் பால் மெஷின் (தானாகப் பந்து எறியும் பெட்டி) வாங்கி மூன்று வருடம் ஆகிறது. காலையில் அதைக் கோர்ட்டுக்கு உருட்டிக்கொண்டு போகும்போது யாராவது நிறுத்தி, "சார், இது வாங்கினா பிரயோஜனமா இருக்குமா?" என்று கேட்பார்கள். நின்றபடியே அரை நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. ஒரு மெஷினை இன்னொரு மெஷினோடு ஒப்பிடுவதற்கு முன்னால், அதே காசுக்கும் அதே ஒரு மணி நேரத்துக்கும் கிடைக்கிற மற்ற மூன்றோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது: ஒரு சுவர், ஒரு கூடை நிறைய டென்னிஸ் பந்து, ஒரு மார்க்கர் (கிளப்பில் நம்மோடு பந்து அடித்துக் கொடுக்கும் ஊழியர்). நான் இருப்பது சென்னையில். இங்கே கோர்ட் கிடைக்கும் நேரமும், வெயிலும், கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் இந்தக் கணக்கில் நிறையவே வந்து சேர்கின்றன.

முதலில் கோர்ட். மெஷின் வைத்து ஆட ஒரே ஆளுக்கு ஒரு முழுக் கோர்ட் வேண்டும். கிளப்பில் காலை 5.30 முதல் 8 மணி வரை டபுள்ஸ் ஆட ஆட்கள் பெஞ்சில் காத்திருப்பார்கள். அப்போது ஒருவர் மட்டும் பந்து எறியும் பெட்டியோடு ஒரு கோர்ட்டைப் பிடித்துக்கொண்டால் யாரும் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் வேண்டியதில்லை. பல இடங்களில் மெஷினுக்கு அனுமதியே கிடையாது. இருந்தால் ஓரத்துக் கோர்ட்டில், கூட்டமில்லாத நேரத்தில் மட்டும். வாடகைக் கோர்ட் என்றால் இரண்டு பேரோ நான்கு பேரோ பங்கு போட்டுக் கட்டும் வாடகையை நீங்கள் ஒருவரே கட்ட வேண்டும். மெஷின் விலையைப் பற்றி ஒரு மாதம் யோசிக்கிறவர்கள்கூட இந்த வாடகையை மறந்துவிடுகிறார்கள். வருடக் கணக்கில் பார்த்தால் பெரிய செலவு இதுவாகத்தான் இருக்கும்.

மெஷினுக்குத் தோதான இடம், ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இருப்பதைப் போன்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கோர்ட். வார நாளில் காலை ஏழரைக்கு மேல் அது காலியாகவே கிடக்கும். இரவு ஒன்பதுக்கு மேலும் காலிதான், விளக்கைப் போட சங்கத்தில் அனுமதி கிடைத்தால். அப்படி ஒரு கோர்ட் உங்களுக்கு இல்லையென்றால் மெஷினைப் பற்றிய பகுதியை வேகமாகத் தாண்டி, சுவரையும் மார்க்கரையும் நிதானமாகப் படிப்பது நல்லது.

சுவருக்குக் காசு வேண்டாம், துணை வேண்டாம், முன்பதிவு வேண்டாம். சாக்பீஸால் 91 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அதுதான் நெட்டின் நடு உயரம். ஆறேழு மீட்டர் தள்ளி நின்று கோட்டுக்கு மேலே ஓர் அடி, இரண்டடி விட்டு அடித்துக்கொண்டே இருக்கலாம். பந்து கோர்ட்டில் வருவதைவிட மிகச் சீக்கிரம் திரும்பிவரும் என்பதால் கால் அசையாமல் இருக்கவே முடியாது. நேரம் போதவில்லை என்றால் இரண்டு பவுன்ஸ் விட்டு அடியுங்கள், தப்பே இல்லை. வாலிக்கு, அதாவது பந்து தரையில் குத்துமுன் அடிப்பதற்கு, நான் பார்த்த சிறந்த ஆசிரியர் சுவர்தான். இரண்டரை மீட்டரில் நின்று, பந்தைக் கீழே விடாமல் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்கம்), பேக்ஹேண்ட் (புறங்கைப் பக்கம்) என மாற்றி மாற்றி ஐம்பது வாலி தொடர்ந்து அடிக்கிறவருக்கு நெட்டில் பயம் போய்விடும்.

சுவருக்குக் குறை உண்டு. டாப்ஸ்பின் போட்டு, அதாவது முன்னோக்கிச் சுழலும்படி, அடித்த பந்து சுவரில் பட்டதும் மேல்நோக்கி எழும்பி, வேகம் தணிந்து, ஏறக்குறைய பேக்ஸ்பின்னோடு (பின்னோக்கிய சுழற்சியோடு) வரும். எதிராளி அடிக்கும் டாப்ஸ்பின் தரையில் குத்தி முன்னால் பாய்ந்து வருவதுபோல் சுவர் ஒருநாளும் தராது. அடித்த பந்து கோர்ட்டுக்குள் விழுந்திருக்குமா, கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனைத் தாண்டியிருக்குமா என்பதும் தெரியாது. குடியிருப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தோதான சுவருக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் யாருடைய படுக்கையறையாவது இருக்கும். காலை ஆறு மணிக்குத் தொம் தொம் என்று ஒரே சீராகக் கேட்கும் சத்தத்தை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் தாங்க மாட்டார்கள்.

கூடை நிறைய வைத்து ஆடும் பந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான். டென்னிஸில் எதிராளியின் பந்தைச் சார்ந்திராத ஒரே அடி, ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் சர்வ். அதற்கு மெஷின் வேண்டாம், மார்க்கர் வேண்டாம். எழுபது பந்து, ஒரு கூடை, காலி கோர்ட், அரை மணி நேரம் போதும். மெஷின் வாங்க நினைக்கும் ஒருவர் தன் கடைசி ஐந்து ஆட்டங்களில் எத்தனை டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் புள்ளி போவது) என்று நினைவுபடுத்திப் பார்க்கட்டும். கணக்கு அதிகமாக இருந்தால் அந்தக் காசில் கூடையும் பந்தும் வாங்கிக்கொண்டு மீதியைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து மார்க்கர். பில்லியர்ட்ஸிலும் ஸ்குவாஷிலும் புள்ளி சொல்பவருக்கு வைத்த பெயர் இது. இந்திய டென்னிஸ் கிளப்புகளில் உறுப்பினர்களோடு பந்து அடித்துக் கொடுக்கும் ஊழியருக்கு ஆகி நிலைத்துவிட்டது. நான் டென்னிஸ் கற்றதே அப்படி ஒரு மார்க்கரிடம்தான். அவர் கோச் இல்லை, கையில் சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆனால் நான் கோர்ட்டின் எந்த மூலையிலிருந்து எப்படித் தாறுமாறாக அடித்தாலும் பந்து திரும்ப என் இடுப்புயரத்துக்கு, என் ஃபோர்ஹேண்டுக்கு வந்து சேரும். நடுநடுவே, "சார், தோள் திரும்பல. பந்து தரையில குத்துறதுக்கு முன்னாடியே ராக்கெட் பின்னாடி போயிருக்கணும்" என்பார். அந்த ஒரு வரியைச் சொல்லும் மெஷினை யாரும் விற்கவில்லை.

மார்க்கரிடம் கிடைக்கிற இன்னொன்று, ஒரு மனிதரின் ராக்கெட்டிலிருந்து பந்து வருகிறது என்பது. எதிராளியின் தோள் திரும்புவதையும் ராக்கெட் முகம் சாய்வதையும் பார்த்துத்தான் பந்து எங்கே வரும் என்று நம் கால்கள் தீர்மானிக்கின்றன. ஸ்ப்ளிட் ஸ்டெப் எனப்படும் அந்தச் சின்னத் துள்ளலை எதிராளி பந்தைத் தொடும் நேரத்தோடு பொருத்தப் பழகுவது மனிதரோடு ஆடினால்தான் முழுமையாக வரும்.

சரி, அப்படியானால் எல்லோரும் மார்க்கரோடு ஆடிவிட்டுப் போகலாமே? நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் போனில் வீடியோ எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் நான் அடித்தது 340 சொச்சம் பந்து. அதில் பேக்ஹேண்ட் நூறுகூட இல்லை. நல்ல மார்க்கர் நமக்குப் பிடித்த இடத்துக்குத்தான் பந்தைத் தருவார். நாம் சந்தோஷமாக வீடு திரும்ப வேண்டும் என்று அவருக்கு அக்கறை இருக்கிறது. நாமும் கேட்காமலே பலவீனமான பக்கத்தை மறைத்துச் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்டே அடிப்போம். தோளுக்கு மேலே எழும்பும் பேக்ஹேண்டை ஒரே இடத்தில் நூறு முறை கொடுங்கள் என்று கேட்டால் கொடுப்பார், ஆனால் நூறும் ஒன்றுபோல் இருக்காது. அவருக்கும் கை வலிக்கும்.

மெஷின் வேலைக்கு ஆவது இந்த இடத்தில்தான், ஏறக்குறைய இந்த இடத்தில் மட்டும்தான். ஒரே பந்து, ஒரே உயரம், ஒரே இடைவெளி, சலிப்பில்லாமல். பழக்கத்தை உடைத்து வேறொரு பழக்கம் ஏற்றிக்கொள்ள நினைக்கிறவருக்கு இதைவிட உதவும் கருவி இல்லை. ஒரு கை பேக்ஹேண்டை இரண்டு கைக்கு மாற்றுகிறவர், பிடியை ஈஸ்டர்னிலிருந்து செமி வெஸ்டர்னுக்கு நகர்த்துகிறவர், ஓவர்ஹெட் (தலைக்கு மேல் வரும் பந்தை அடிப்பது) என்றாலே பயப்படுகிறவர், இவர்களுக்கெல்லாம் பந்து மாறாமல் இருந்தால்தான் கை மாறும்.

இந்தத் தேவை புதிதல்ல. 1925-லும் 1928-லும் விம்பிள்டன் வென்ற ரெனே லகோஸ்ட், தன் பயிற்சிக்காக 1920-களிலேயே கையால் சுற்றி இயக்கும் பந்து எறியும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். பின்னால் 1970-ல் அமெரிக்காவில் பிரின்ஸ் கம்பெனி தொடங்கியதும் பால் மெஷின் செய்யத்தான். பனிச்சறுக்குப் பலகை செய்து பெயர் வாங்கி ஓய்வு பெற்ற ஹோவர்ட் ஹெட், டென்னிஸ் பழக அந்த மெஷினை வாங்கினார். அது சரியாக வேலை செய்யாததால் அதைத் திருத்த இறங்கி, அந்தக் கம்பெனிக்குள்ளேயே வந்துவிட்டார். அப்படியும் தன் ஆட்டம் தேறாததால் ராக்கெட்டின் தலையைப் பெரிதாக்கிப் பார்த்தார். 1976-ல் காப்புரிமை கிடைத்த அந்தப் பெரிய தலை ராக்கெட்டின் வழிவந்ததுதான் இன்று நம் கையில் இருப்பது.

இப்போது விற்கும் மெஷின்களில் பெரும்பாலானவை இரண்டு சக்கர வகை. எதிரெதிராகச் சுழலும் இரண்டு ரப்பர் சக்கரங்களுக்கு நடுவே பந்து பிதுங்கி வெளியே பாயும். மேல் சக்கரம் வேகமாகச் சுழன்றால் டாப்ஸ்பின், கீழ்ச் சக்கரம் வேகமென்றால் பேக்ஸ்பின். காற்றழுத்தத்தில் எறியும் வகை பழையது. மின்இணைப்பு தேவைப்படும் அந்த வகையைச் சொந்தமாக வாங்கும் ஒருவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பந்துக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விளம்பரத்தில் 150 பந்து கொள்ளும் என்பதைப் பெரிதாகப் போடுவார்கள். ஆறு நொடிக்கு ஒரு பந்து என்றால் 150 பந்து 15 நிமிடம் ஓடும். தனியாளாகப் பொறுக்க ஏழு நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று சுற்று, ஏறக்குறைய 450 பந்து. அதே மெஷினில் 70 பந்து போட்டால் ஏழு நிமிடம் ஓடும், பொறுக்க நான்கு நிமிடம். ஐந்து சுற்றில் 350 பந்து. பாதிக்கும் குறைவான பந்தில் முக்கால்வாசிக்கு மேல் பயிற்சி கிடைத்துவிடுகிறது. நடுவில் தண்ணீர் குடிக்கவும் இடம் கிடைக்கிறது, சென்னை வெயிலில் அது சின்ன விஷயமில்லை. மூன்று பந்து டப்பாவாக வாங்கினால் 150 பந்துக்கு 50 டப்பா. ஆகவே 75 முதல் 90 பந்தோடு தொடங்குங்கள். பொறுக்குவதற்கு, தரையில் அழுத்தினால் பந்து உள்ளே ஏறும் கம்பிக்கூடை ஒன்று கட்டாயம் வாங்குங்கள். குனிந்து குனிந்து பொறுக்கினால் மூன்றாம் நாளே மெஷின் மேல் வெறுப்பு வந்துவிடும்.

மெஷின் தராதது என்னவென்றும் சொல்ல வேண்டும். தரையில் நிற்கும் பெட்டியின் வாய் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் பந்து நெட்டைத் தாண்ட மேல்நோக்கித்தான் போயாக வேண்டும். பேஸ்லைனிலிருந்து பேஸ்லைனுக்கு 23.77 மீட்டர், வேகம் குறைவாக வைத்தால் பந்து வானத்தில் வளைந்து விழும், அது ஆட்டத்தில் வருகிற பந்துபோல் இருக்காது. மெஷினை எதிர்ப்பக்கச் சர்வீஸ் கோட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் ஐந்தரை மீட்டர் குறையும், வளைவு தட்டையாகும், பந்து இயல்பாக வரும். நாங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வைக்கிறோம். சர்வ் ரிட்டர்னுக்கு எப்படி வைத்தாலும் சரிவராது. தலைக்கு மேல் உயரத்திலிருந்து இறங்கும் சர்வையும் முழங்காலிலிருந்து ஏறும் பந்தையும் ஒன்றாக நினைத்துப் பழகக் கூடாது.

அமெரிக்க ஆட்டக்காரர் ஆந்த்ரே அகாசியின் அப்பாவுக்கு இது தெரிந்திருந்தது. லாஸ் வேகஸ் வீட்டுக் கோர்ட்டில் மெஷினை உயரமான மேடையில் ஏற்றி, நெட்டை ஒட்டி வைத்து, மணிக்கு 110 மைல் வேகத்தில் பந்து மேலிருந்து மகனின் காலடிக்கு இறங்கும்படி செய்தார். சிறுவன் அந்த மெஷினுக்கு டிராகன் என்று பெயர் வைத்தான். ஒரு நாளைக்கு 2,500 பந்து கணக்கு. அகாசி பெரிய சாம்பியன் ஆனார்; டென்னிஸை எவ்வளவு வெறுத்தேன் என்றும் பின்னாளில் அவரே எழுதினார். பிள்ளைக்காக மெஷின் வாங்க வரும் அப்பா, அம்மாக்களிடம் இதை மறக்காமல் சொல்கிறேன். ஸ்விட்ச் பிள்ளையின் கையில் இருக்கட்டும். போதும் என்று அவன் சொன்னால் போதும்.

மெஷினிலிருந்து பந்து வருமுன், எதிராளியின் தோள் திரும்புவதுபோல் எந்த அசைவும் தெரியாது; அதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. பந்து சக்கரத்துக்குள் விழும்போது ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத் துள்ளப் பழகுங்கள். அடித்தபின் ஒவ்வொரு முறையும் பேஸ்லைன் நடுவுக்குத் திரும்பி வந்துவிட்டு அடுத்த பந்துக்குப் போங்கள். இதற்காகவே இடைவெளியை நான்கு நொடியிலிருந்து ஆறு ஏழு நொடிக்கு ஏற்றினோம். வேரூன்றிய மரம்போல் ஒரே இடத்தில் நின்று 400 பந்து அடித்தால் கை தேறும், ஆட்டத்தில் கால் எழாது.

வாங்கத்தான் போகிறோம் என்றால் எதை? தனியாட்கள் வாங்கும் மூன்று வகையை எடுத்துக்கொள்கிறேன். ஸ்லிங்கர் பேக் ஒரு டிராலிப் பையின் உருவத்தில் வருவது. சுமார் 15 கிலோ எடை, 144 பந்து கொள்ளும், அதிகபட்ச வேகம் மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர். சிறிய காரின் டிக்கியில் போகும். ஒரே திசையில்தான் எறியும். இடம் வலமாகத் திரும்ப வேண்டுமென்றால் அடியில் வைக்கும் சுழல்தட்டைத் தனியாக வாங்க வேண்டும். அப்போதும் பையே திரும்புவதால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். புதிதாகக் கற்பவர், பிள்ளைகள், வாரம் ஒருமுறை ஆடுகிறவர் ஆகியோருக்கு இதுவே தாராளம். வேகமாக அடிக்கும் எதிராளியைச் சமாளிக்கப் பழக நினைப்பவருக்கு ஆறு மாதத்தில் போதாமல் போகும்.

லாப்ஸ்டர் எலைட் வரிசை அடுத்த படி. எலைட் 1 சுமார் 19 கிலோ, 150 பந்து, மணிக்கு 80 மைல் வரை, பந்து இடைவெளி 2 முதல் 12 நொடி. ஸ்பின் மாற்றலாம், திசைமாற்றம் உள்ளுக்குள்ளேயே நடப்பதால் வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. இதே வரிசையில் மேலே போகப்போக முன்னும் பின்னுமாக ஆழம் மாற்றும் வசதியும் வரும். ஸ்பின்ஷாட் பிளேயர் வேறு மாதிரி: 120 பந்து, 68 மைல் வேகம், ஆனால் போனிலிருந்து ஒவ்வொரு பந்தின் இடம், வேகம், ஸ்பின் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைக்கலாம். முதல் பந்து ஆழமான பேக்ஹேண்ட், இரண்டாவது குட்டைப் பந்து, மூன்றாவது வாலி, நான்காவது லாப் (உயரத் தூக்கிப் போடும் பந்து) என்று ஓர் ஆட்டத்துணுக்கையே திரும்பத் திரும்ப ஓட்டலாம்.

என் தீர்ப்பு இது: நடுத்தர கிளப் ஆட்டக்காரருக்கு 80 மைல் (சுமார் 129 கிலோமீட்டர்) வேகம் தேவையே இல்லை. 70 முதல் 90 கிலோமீட்டரில் ஆழமாக விழும் பந்து போதும். வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், தற்செயலாகத் திசை மாறும் வசதிக்கும் ரிமோட்டுக்கும் கொடுங்கள். ரிமோட் இல்லாத மெஷினில் ஸ்விட்ச் போட்டுவிட்டு மறுபக்கம் ஓடுவதற்குள் நாலைந்து பந்து வீணாகப் போகும். போனில் எழுதிவைக்கும் வகை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதை வாங்கிய இரண்டு நண்பர்களும் இரண்டே இரண்டு வரிசையைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

இவற்றை இங்கே வாங்குவதானால் சுங்கவரியும் கப்பல் கூலியும் விலையில் ஏறும். அதனால் பலர் அமெரிக்காவில் இருக்கும் தம்பியையோ மச்சினரையோ வரும்போது கொண்டுவரச் சொல்கிறார்கள். சொல்வதற்குமுன் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று எடை: 19 கிலோ மெஷின் ஒரு பெட்டியின் 23 கிலோவையும் கிட்டத்தட்ட விழுங்கிவிடும், அவர் தன் துணிமணியை எங்கே வைப்பார்? இரண்டு பேட்டரி: 160 வாட்-மணிக்கு (Wh) மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் பையோடு கொண்டுவர முடியாது, ஈய அமில பேட்டரிக்கும் கட்டுப்பாடு உண்டு. மெஷினை பேட்டரி இல்லாமல் வரவழைத்து இங்கே வாங்கிப் போடுவதே நிம்மதி. மூன்று சார்ஜர்: அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சார்ஜரின் முதுகில் 100-240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பேட்டரியில் நாங்களே ஒரு பாடம் படித்தோம். ஒரு வடகிழக்குப் பருவமழையில் கோர்ட் ஊறிப்போய், மெஷின் இரண்டரை மாதம் மூலையில் கிடந்தது. கடைசியாக ஆடியவர் சார்ஜ் போடாமலே வைத்துவிட்டார், மற்ற மூவரும் கேட்கவில்லை. ஜனவரியில் எடுத்தபோது பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. ஈய அமில பேட்டரியைக் காலியாக விட்டுவைத்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் மின்சாரம் ஏறாது. நல்லவேளை, யு.பி.எஸ். பேட்டரி விற்கும் கடையிலேயே அளவு பார்த்து மாற்ற முடிந்தது. ஈய அமிலத்துக்கு இருக்கும் பெரிய வசதி அது. லித்தியம் எடை குறைவு, நெடுநாள் உழைக்கும். ஆனால் கெட்டுப்போனால் அந்தக் கம்பெனியின் பேட்டரியையே வரவழைத்தாக வேண்டும்.

பந்திலும் இந்த ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. டப்பாவைத் திறந்த சாதாரணப் பந்தின் உள்காற்று சில வாரத்தில் இறங்கிவிடும். காற்றழுத்தம் இல்லாமல் ரப்பரின் வலிமையிலேயே துள்ளும் பந்து மெஷினுக்கென்றே நல்லது, வருடக்கணக்கில் வரும், ஆனால் கைக்குக் கொஞ்சம் கடினமாகத் தெரியும். இரண்டையும் கலக்காதீர்கள். மொட்டையான பழைய பந்தையும் புதுப் பந்தையும் கலந்தால் ஒன்று சர்வீஸ் கோட்டில் விழும், அடுத்தது பேஸ்லைனைத் தாண்டிப் போகும், மெஷின் கெட்டுவிட்டதென்று நினைப்பீர்கள். மார்கழிப் பனியில் நனைந்த பந்து சக்கரத்தில் வழுக்கும். மண் கோர்ட்டில் செம்மண் பந்தின் ரோமத்தில் ஏறிச் சக்கரத்தில் பூசிக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்துக் காயவிட்டால் எறியும் தூரம் மறுபடி சீராகும்.

மார்க்கர் செலவோடு ஒப்பிட ஒரு கணக்கு. ஒரு பேச்சுக்கு மெஷின், பந்து, கூடை எல்லாம் சேர்த்து 1,50,000 ரூபாய் ஆகிறது, மார்க்கருக்கு மணிக்கு 500 கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 300 மணி நேரம். வாரம் மூன்று மணி ஆடினால் 100 வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்துத்தான் மெஷின் லாபத்துக்கு வரும். நான்கு பேர் பங்கு போட்டால் ஆறே மாதம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள்.

அதனால்தான் தனியாக வாங்குவதைவிடக் கூட்டாக வாங்குவதை உறுதியாகச் சொல்கிறேன். ஒரே குடியிருப்புக்குள் மூன்று நான்கு பேர் போதும், அதற்குமேல் வேண்டாம். எங்கள் ஏற்பாடு எளிது: ஆடியவர் அன்றே சார்ஜ் போட வேண்டும், யாருக்கு எந்த நாள் என்பது முன்கூட்டியே எழுதியிருக்கும், பந்துக்கும் பேட்டரிக்கும் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் பொதுவில் போட வேண்டும், வெளியாருக்கு இரவல் இல்லை. நாலாவது விதி கடுமையாகத் தெரியலாம், அது இல்லாமல் மெஷின் நீடிக்காது.

மார்க்கரை நாங்கள் விட்டுவிடவில்லை. வாரம் ஒருநாள் வருகிறார். நான் மெஷினோடு ஆடும்போது பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்கிறார், பந்து எறியும் வேலை இல்லாததால் அவர் கண் முழுக்க என் தோளிலும் காலிலும் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்த முன்னேற்றம் முன்பு ஒரு மாதத்தில் கிடைத்ததில்லை. அவருக்குக் கொடுக்கும் தொகையை இதைச் சாக்கிட்டுக் குறைக்க யாராவது நினைத்தால் அது நியாயமில்லை. அவர் இப்போது செய்வது முன்னைவிடப் பெரிய வேலை.

முழங்கையையும் கணுக்காலையும் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. மெஷினுக்குக் களைப்பு இல்லை, உங்கள் தசைநாருக்கு உண்டு. முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு 150 பந்துக்கு மேல் வேண்டாம், அடுத்தடுத்த நாளும் வேண்டாம். முழங்கையின் வெளிப்புறம் சிணுங்கத் தொடங்கினால் அன்றே நிறுத்துங்கள். காலடியில் உருண்டு வரும் பந்தை மிதித்துக் கணுக்கால் பிசகியவர்களைப் பார்த்திருக்கிறேன். நெட்டில் பட்டுத் திரும்பும் பந்தை உடனே ஒதுக்கிவிட்டு அடுத்ததை ஆடுங்கள், ஒரு பந்து போனால் போகட்டும். மெஷின் ஓடும்போது அதன் வாய்க்கு முன்னால் பிள்ளைகளை விடாதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு இன்னும் மனம் ஊசலாடினால், இரண்டு வாரம் ஒரு சோதனை செய்யுங்கள். எழுபது பந்தும் ஒரு கூடையும் மட்டும் வாங்குங்கள். மெஷின் இருந்தால் எந்த நேரத்தில் ஆடுவீர்களோ அதே நேரத்துக்குத் தனியாகக் கோர்ட்டுக்குப் போய்ச் சர்வ் பழகுங்கள். நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பதினான்கு நாளில் ஆறு நாள் கோர்ட் காலியாகக் கிடைத்து, ஆறு நாளும் நீங்கள் எழுந்து போயிருந்தால், குடியிருப்பில் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மெஷின் விலை விசாரிக்கத் தொடங்கலாம். இரண்டு நாள்தான் முடிந்தது என்றால் மார்க்கரிடம் ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கூடையும் பந்தும் எப்படியும் உங்களிடம் இருக்கும், சர்வும் கொஞ்சம் தேறியிருக்கும்.